இரண்டு முறை நாத்தனார் என்றாள்

ப்ரெஸ்டன்
ஜனவரி 9, வியாழன், காலை 7.40
எண்ணிக்கை: பதினான்கு மறுப்பு, இரண்டு நேர்காணல், இடம் பூஜ்ஜியம்.

ரொவீனா,

கையால் எழுதினால்தான் படிப்பேன் என்றாய். எழுதுகிறேன். பரீட்சைகள் முடிந்த பிறகு நான் பேனாவைத் தொட்டது கையெழுத்துப் போட மட்டுமே. "நீ மணிக்குப் பதினோரு மெயில் அனுப்பறே, தபால்பெட்டி வரைக்கும் நடந்தா அதுல எட்டு வழியிலேயே செத்துடும்" என்றாயே, அது உண்மைதான். இது மூன்றாவது தாள். முதல் இரண்டிலும் வசவு அதிகம்.

பதினான்காவது மறுப்பு நேற்று வந்தது. 'இவ்வாண்டு விண்ணப்பங்களின் தரம் மிக உயர்ந்திருந்தமையால்' என்று ஆரம்பம். பதினான்கு பேரும் அதே வரிதான். ஒரு பாலம் இறங்கினால் ஏன் இறங்கியது என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பாலப் பொறியாளர்களான நாங்கள் வீட்டுக்குப் போவோம். இந்த சொலிசிட்டர் வக்கீல்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது போல.

நிலைமையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக் கம்பெனி ஒன்று என்னைக் கூப்பிடுகிறது. சுரங்க ரயில்பாதைப் பாலங்கள். மே முதல் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் ஏதாவது சட்ட நிறுவனம் சொலிசிட்டர் ஆவதற்கான பயிற்சி இடம் கொடுத்தால் இங்கேயே இருப்பேன். இல்லையென்றால் பெர்த்துக்குப் போய்விடுவேன். இரண்டு வருடம் மாலை வகுப்பில் படித்த சட்டம் படித்ததோடு போகட்டும். அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்.

"பாலம் பார்க்கிறவனுக்கு எதுக்குடா இந்த ஆசை?" என்று ஷெஃபீல்டில் ஒரே வீட்டில் குடியிருந்த காலத்திலிருந்து நீ கேட்கிறாய். பதில் இணைத்திருக்கும் விண்ணப்பப் பக்கத்தில் இருக்கிறது. அதுதான் என் துருப்புச் சீட்டு. பதினான்கு பேருக்கும் அதுதான் போனது. இரண்டு நேர்காணலிலும் அதைத்தான் சொன்னேன்.

வடமேற்கில் ஒரு ரயில் நிலைய நடைபாலம். திறந்த பதினோராவது வாரமே மூடிவிட்டார்கள். கட்டியவர்கள் எஃகு ஆலை மேல் பழியைப் போட்டார்கள். ஆலைக்காக எட்டு மாதம் நான் அந்த எஃகை வெட்டி வெட்டிச் சோதித்தேன். கடைசியில் இரண்டு தரப்பும் ஒரு மேஜையில் உட்கார்ந்தோம். எங்கள் தரப்புக்கு வந்த சொலிசிட்டர் ஒரு பெண்மணி. தலைமேல் ஒரு கண்ணாடி, கழுத்தில் ஒரு கண்ணாடி. நாள் முழுக்க அவர் வாயே திறக்கவில்லை. நாலு மணிக்கு எதிர்த்தரப்பு மேஸ்திரியைப் பார்த்து, "அன்னைக்கு மழை பெஞ்சுதா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அந்த ஆள் தன் வக்கீல் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். ஈர இரும்பில் வெல்டிங் வைத்திருக்கிறார்கள், விரிசல் விடாமல் என்ன செய்யும்! அடுத்த வாரமே தவறு தங்களுடையது என்று ஒத்துக்கொண்டு சமரசத்துக்கு வந்துவிட்டார்கள்.

எட்டு மாதம் நான் இரும்பிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஒரு மனிதனிடம் கேட்டார். அந்த நாற்காலி எனக்கு வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

பக்கத்தில் என்ன கோளாறு என்று சொல். பெயர் எதுவும் குறிப்பிடவில்லை, கவனமாகத்தான் எழுதியிருக்கிறேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: உன்னைப் போல நாலு வருடம் சட்ட உதவியாளராக இருந்து பக்கத்துக்கு எண் போட்டு நுழைய என்னால் ஆகாது. நான் தகுதி பெற்ற பொறியாளன்.

நேத்தன்


லீட்ஸ்
ஜனவரி 14

நேத்தனுக்கு,

உன் கையெழுத்து பனியில் கோழி நடந்த மாதிரி இருக்கிறது. இருந்தும் படித்துவிட்டேன்.

அந்தப் பாலம் ஸ்கேல்பெக் நிலையத்தில் இருக்கிறது. யார் கட்டினார்கள், உன் கட்சிக்காரர் யார், அந்த இரண்டு கண்ணாடி அம்மாள் எந்த நிறுவனத்துப் பார்ட்னர் என்று எல்லாம் இப்போது எனக்குத் தெரியும். மதிய இடைவேளையில் ஒரு கையில் சாண்ட்விச்சை வைத்துக்கொண்டு கண்டுபிடித்தேன். நாலு நிமிடம் ஆனது. திறந்த பதினோராவது வாரத்தில் மூடிய நடைபாலம் இந்த நாட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. உள்ளூர்ப் பத்திரிகை அதைப் படத்தோடு போட்டிருக்கிறது. நீ பெயரை எடுத்துவிட்டு முகத்தை அப்படியே விட்டிருக்கிறாய்.

ஏன் மூடினார்கள் என்பது மட்டும் அந்தப் பத்திரிகைக்குத் தெரியாது. யார் தவறை ஒத்துக்கொண்டார்கள் என்பதும் தெரியாது. வெளியே சொல்வதில்லை என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டுத்தான் சமரசம் ஆகியிருக்கும். உன் கம்பெனியும் போட்டிருக்கும். நீ அதைப் பதினான்கு சட்ட நிறுவனங்களுக்குத் தபால் செலவில்லாமல் அனுப்பி வைத்திருக்கிறாய்.

இப்போது புரிகிறதா, ஏன் யாரும் காரணம் சொல்லவில்லை என்று? இவன் எவ்வளவு கெட்டிக்காரன் என்று பார்ப்பதற்கு முன்னால் அவர்கள் வேறொன்றைப் பார்ப்பார்கள். என் கட்சிக்காரரின் அலமாரிச் சாவியை இவனிடம் கொடுத்துவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கலாமா? உன் பக்கம் அந்தக் கேள்விக்கு மிக அழகாகத் தமுக்கு அடித்துப் பதில் சொல்கிறது.

பக்கத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அது என்னிடம் இருக்கக் கூடாது. மழைக் கேள்வியைப் படித்ததும் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டேன், அவ்வளவு அழகு. அதை இனி யாரிடமும் சொல்லாதே. என்னிடமே சொல்லியிருக்கக் கூடாது.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். உன் மேலாளர் ஃபில்லிடம் போய் நடந்ததைச் சொல். நாளைக்கே.

இங்கே வேலை தலைக்கு மேல். செப்டம்பரில் என் பயிற்சி முடிகிறது. நாங்கள் மூன்று பேர், அதன் பிறகு வைத்துக்கொள்வது இரண்டு பேரைத்தான் என்று பேச்சு அடிபடுகிறது.

ரொவீனா


ப்ரெஸ்டன்
ஜனவரி 17, வெள்ளி, இரவு

ரொவீனா,

ஃபில்லிடம் போய்ச் சொல்வதா? உனக்குப் பைத்தியமா?

யோசித்துப் பார். பதினான்கு நிறுவனத்தில் என் பக்கத்தை முழுக்கப் படித்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். எல்லாரும் சொலிசிட்டர்கள். வாயைத் திறக்காமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள். எந்தச் சேதமும் ஆகவில்லை. நான் போய்ச் சொன்னால்தான் சேதம். பெர்த்துக்காரர்கள் நற்சான்று கேட்கப் போவதே ஃபில்லிடம்தான். இடமும் கிடைக்காது, பெர்த்தும் போய்விடும். விரிசல் இல்லாத இடத்தில் உளியை வைத்துத் தட்டச் சொல்கிறாய்.

கதையை மாற்றிவிடுகிறேன், அது போதும். நான் உன்னிடம் கேட்டது விண்ணப்பம் எழுத யோசனை. பாவமன்னிப்புக்கு வழி கேட்கவில்லை.

நேத்தன்


லீட்ஸ்
ஜனவரி 22

நேத்தனுக்கு,

முன்பக்கம் செம்மறியாடு இருப்பதைப் பொருட்படுத்தாதே. ஆபீசுக்குக் கீழே இருக்கும் கடையில் அந்தத் தபால் அட்டைதான் இருந்தது.

சொலிசிட்டராகப் பதிவு செய்வதற்கு முன்னால் ஒழுங்குமுறை அமைப்பு உன்னிடம் கேட்கும்: எங்களுக்குத் தெரிய வேண்டியது ஏதாவது உண்டா? அன்றைக்கு நீ என்ன எழுதுவாய்? செய்த தப்போடு வருகிறவர்களை அவர்கள் உட்கார வைத்துப் பேசுவார்கள். மறைத்துக்கொண்டு வருகிறவனுக்கு வாசல்தான்.

விரிசல் இல்லை என்கிறாய். விரிசல் இருக்கிறதா என்று பாலத்தின் சொந்தக்காரரைக் கேட்காமலே முடிவு செய்கிற இஞ்சினியரை நீ என்னவென்று திட்டுவாய் என்று எனக்குத் தெரியும். மூன்று வருடம் பக்கத்து அறையில் இருந்து கேட்டிருக்கிறேன்.

ஃபில்லிடம் சொன்ன பிறகு எழுது. அதுவரை வேண்டாம்.

ரொ.


ப்ரெஸ்டன்
பிப்ரவரி 10, திங்கள், மாலை 6.15

ரொவீனா,

சொல்லிவிட்டேன்.

அந்தச் செம்மறியாட்டைச் சமையலறை அலமாரியில் சாய்த்து வைத்திருந்தேன். பத்து நாள் காலைத் தேநீர் குடிக்கும்போதெல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பதினோராவது நாள் ஃபில்லின் அறைக் கதவைத் தட்டினேன்.

ஃபில் பிக்கர்ஸ்டாஃபைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். முப்பது வருடம் பாலத்துக்கு அடியில் நின்றவர். சத்தமாகத்தான் பேசுவார். அன்றைக்குச் சத்தமே போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"உக்காரு தம்பி" என்றார். "எத்தனை பேருக்கு?"

"பதினாலு."

"யார் சொல்லி இப்போ என்கிட்ட வந்தே?"

"லீட்ஸ்ல ஒரு பயிற்சி சொலிசிட்டர். கூடப் படிச்ச பொண்ணு."

"அவ சொன்னா நீ கேப்பியா? நான் ஆறு வருஷமா கத்தறேன், மழைக்கோட்டு போட்டுக்கடான்னு. அதைக் கேட்டியா?"

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி ஐந்து நிமிடம் திட்டினார். அதை எழுதினால் தபால்காரர் கடிதத்தை எடுத்துப்போக மாட்டார். திட்டி முடித்ததும், என் முன்னாலேயே அந்த சொலிசிட்டர் அம்மாளுக்குப் போன் போட்டார். இரண்டு கண்ணாடி அம்மாள். போனில் அவர் குரல் எனக்கும் கேட்டது. கோபப்படவே இல்லை, ரொவீனா. "யார் யாருக்குப் போச்சு, என்னைக்குப் போச்சு, என்ன வார்த்தையில போச்சு" என்று மூன்று கேள்வி. அதற்குப் பிறகு ஒரு கட்டளை. பதினான்கு பேருக்கும் நானே எழுத வேண்டும்: அனுப்பக் கூடாததை அனுப்பிவிட்டேன், தயவுசெய்து அழித்துவிடுங்கள், அழித்ததை எனக்குத் தெரிவியுங்கள்.

முதல் வரைவை அவருக்கு அனுப்பினேன். ஒரே ஒரு வரியோடு திரும்பி வந்தது: "'வருந்துகிறேன்' ஒரு தடவை போதும். நாலு தடவை சொன்னால் உங்களைப் பற்றிய கடிதம் ஆகிவிடும்." நான் எழுதியது ஒரு பக்கம். அவர் வெட்டிய பிறகு ஐந்து வரி. அந்த ஐந்து வரியில் ஒரு சொல்லை நகர்த்த முடியவில்லை, நான் முயன்று பார்த்தேன். தாங்கு கம்பி மட்டும் நிற்கிற மாதிரி ஒரு கடிதம்.

வேடிக்கை என்ன தெரியுமா? பதினான்கு பேரும் பதில் போட்டார்கள். மனிதனுக்கு மனிதன் எழுதுகிற மாதிரி. 'உங்கள் நேர்மைக்கு நன்றி' என்று ஒருவர் கையாலேயே எழுதியிருந்தார்.

கட்சிக்காரர் எங்கள் மேல் வழக்குப் போடவில்லை. ஃபில் என்னை வழக்குத் தகராறு வேலையிலிருந்து எடுத்துவிட்டார். இப்போது மறுபடியும் சுத்தியலோடு மழையில் நின்று பழைய பாலங்களில் ஆணி தளர்ந்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மழைக்கோட்டு போட்டிருக்கிறேன். நற்சான்று பற்றிக் கேட்டதற்கு, "நடந்ததை நடந்தபடி எழுதுவேன், நீயா வந்து சொன்னதையும் சேத்து" என்றார். பெர்த்துக்காரர்களுக்கும் அப்படியே எழுதினார். அவர்கள் அப்போதும் வா என்கிறார்கள்.

இனி விஷயம். நியூகாசிலில் கார்ட்மெல் ரீவ் என்று ஒரு நிறுவனம். கட்டுமான வழக்குகள் அதிகம் பார்ப்பவர்கள். இந்தச் சுற்றில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். என் துருப்புச் சீட்டு இல்லாமல், ஊர்க்கூட்டத்தில் நின்று பாலம் ஏன் மூடுகிறோம் என்று விளக்கியதை எழுதினேன். ஊருக்கே தெரிந்த விஷயம், உப்பில்லாத கஞ்சி. அதற்குக் கூப்பிட்டுவிட்டார்கள்! மார்ச் 27, நாள் முழுக்கத் தேர்வு. நேர்காணல், ஒரு எழுத்து வேலை, ஒரு கட்சிக்காரர் சந்திப்பு. என்ன செய்ய வேண்டும், சொல்.

நேத்தன்


லீட்ஸ்
பிப்ரவரி 18

நேத்தனுக்கு,

உன் கடிதத்தை ரயிலில் படித்தேன். மழைக்கோட்டு வரிக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், எதிரே இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார். நீ அந்தக் கதவைத் தட்டினாய் என்பதைப் பற்றி நான் நிறைய எழுதினால் உனக்குத் தலை கனக்கும். அதனால் ஒரு வரி. எனக்குப் பெருமையாக இருக்கிறது.

நியூகாசிலுக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

வரவேற்பு மேஜையில் இருப்பவரிடம் பேசும்போது பார்ட்னரிடம் பேசுகிற மாதிரி பேசு. எங்கள் ஆபீசில் சாயங்காலம் பார்ட்னர் கீழே இறங்கி வந்து முதலில் கேட்பது அவரைத்தான்: "யார் நல்ல புள்ள, யார் மூஞ்சியத் தூக்கினான்?" மதியச் சாப்பாட்டுக்குப் பயிற்சிக்காரர்கள் கூட உட்காருவார்கள். 'இது தேர்வு இல்லை, சகஜமா இருங்க' என்பார்கள். அந்த வாக்கியத்தை நம்பி வாயைத் திறந்தவர்கள் இப்போது வேறு வேலையில் இருக்கிறார்கள்.

'ஏன் எங்கள் நிறுவனம்?' என்றால் அவர்கள் வலைத்தளத்தை அவர்களுக்கே வாசித்துக் காட்டாதே. உனக்கு வேண்டிய எது அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். தெரியாததைத் தெரியாது என்று சொல். எப்படித் தெரிந்துகொள்வாய் என்பதையும் சேர்த்துச் சொல்.

கட்சிக்காரர் சந்திப்புக்கு ஒரு நடிகையோ நடிகரோ வருவார். அவர்களிடம் சின்னக் கதை ஒன்று கொடுத்திருப்பார்கள். நீ கேட்டால் சொல்வார்கள். கேட்காவிட்டால் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதனால் கேள். அவர்கள் பேசாமல் இருந்தால் நீயும் பேசாமல் இரு. உனக்கு மௌனம் ஆகாது என்று தெரியும், ஷெஃபீல்டில் கெட்டில் கொதிக்கும்வரை கூட உன்னால் சும்மா இருக்க முடியாது. நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொள்.

நீ பெரிதாக நினைக்கும் அந்த அம்மாள் என்ன செய்தார்? நாலு மணி வரை கேட்டுக்கொண்டிருந்தார். கேள்வி ஒரு வரி. அதற்கு முன்னால் ஏழு மணி நேரம் இருக்கிறது. நீ அந்த ஒரு வரியைத்தான் பார்த்தாய்.

இங்கே வழக்கம்போல. மூன்று பேர், இரண்டு நாற்காலி, ஏப்ரலில் சொல்வார்களாம். மற்ற இருவரும் நல்லவர்கள், அதுதான் தொல்லை. வெறுக்க முடிந்தால் சுலபமாக இருக்கும்.

போய் வா.

ரொவீனா


ப்ரெஸ்டன்
மார்ச் 28, வெள்ளி, காலை 8.05

ரொவீனா,

முடிந்தது. நன்றாக நடந்தது என்று நினைக்கிறேன். சொல்கிறேன், நீயே பார்.

வரவேற்பில் மோரா என்று ஒரு பெண். ரயில் தாமதத்தைப் பற்றிப் பேசினோம், அவர் வளர்க்கும் நாய்க்கு மூட்டுவலி என்பது வரை போனோம். மதியம் ஸ்டாட்டி என்ற நியூகாசில் தட்டை ரொட்டியில் பன்றி இறைச்சியும் பட்டாணி மசியலும். பயிற்சிக்காரப் பையன் ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"பாலம்லாம் பாப்பீங்களாமே! பெரிய தகராறு ஏதாவது?"

"பாத்திருக்கேன்."

"எது? சும்மா சொல்லுங்க, நம்மளுக்குள்ள."

"ரொட்டி நல்லா இருக்குல்ல?" என்றேன்.

சிரித்துவிட்டு எழுந்து போனான். ரொவீனா, நான்! நான் பேச்சை மாற்றினேன்!

நேர்காணலில் நடுவில் இருந்தவர் ஜூடித் ஹெஸ்லாப். அங்கே கட்டுமானப் பிரிவின் பார்ட்னர். சின்ன உருவம், கண் மட்டும் அளவுகோல். நான் செய்த ஒரு தவறைச் சொல்லச் சொன்னார். ஒரு கட்சிக்காரரின் ரகசியத்தை மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு எழுதினேன், மறையவில்லை, தெரிந்ததும் மேலாளரிடம் சொன்னேன், அனுப்பிய இடத்துக்கெல்லாம் எழுதித் திரும்பப் பெற்றேன் என்றேன்.

"எந்த வேலை அது?"

"சொல்ல முடியாது."

"இந்த அறையில எல்லாரும் சொலிசிட்டர்தாம்ப்பா. வெளிய போகாது."

"போன தடவையும் அப்படி நினைச்சுத்தான் சொன்னேன்."

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். கண்ணில் கொஞ்சம் சிரிப்பு இருந்த மாதிரி பட்டது.

கட்சிக்காரர் சந்திப்புதான் உச்சம். மிசஸ் கோல்ட்வெல் என்று ஒரு அம்மாள், சலவைக்கடை வைத்திருப்பவராம். நடிகைதான், ஆனால் கையில் சோடா உப்பு வாசனை கூட இருந்தது. பக்கத்துக் கடையில் அஸ்திவாரம் தோண்டுகிறார்கள், இவர் கடைச் சுவரில் விரிசல். படம் காட்டினார். பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

"இது படிக்கட்டு மாதிரி ஏறுது பாருங்க, மண் இறங்கியிருக்கு. அவங்க முட்டுக்கொடுக்காம தோண்டியிருக்காங்க."

"அப்படிங்களா? அது என் நாத்தனார் கடை..."

"யார் கடையா இருந்தாலும் சட்டம் ஒண்ணுதாங்க. தோண்டறதுக்கு முன்னாடி உங்களுக்கு எழுத்துல சொல்லியிருக்கணும். சொன்னாங்களா?"

"எழுத்துலல்லாம் எங்கங்க. ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுல சொன்னா. நாத்தனார்தானே."

"அப்போ நோட்டீஸே இல்ல. வேலையை நிறுத்தச் சொல்லி நாளைக்கே கோர்ட்டுல கேக்கலாம். உங்க கேஸ் பலமா இருக்கு."

இருபது நிமிடம் கொடுத்திருந்தார்கள். பன்னிரண்டில் முடித்துவிட்டேன். விரிசலின் காரணம், சட்டம், பரிகாரம் எல்லாம் வரிசையாக. மற்றவர்கள் விரிசலைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்திருப்பார்கள். அந்த அம்மாள் "ரொம்பத் தெளிவா சொன்னீங்க தம்பி" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு வாரத்தில் சொல்வார்களாம். பெர்த்துக்கு எழுத வேண்டிய மறுப்பை மனசுக்குள் தயார் செய்து வைத்துவிட்டேன்.

நேத்தன்


லீட்ஸ்
ஏப்ரல் 1

நேத்தனுக்கு,

ரொட்டி நல்லா இருக்குல்ல! அதைக் கத்தரித்துச் சட்டம் போட்டு மாட்டலாம் போல இருக்கிறது. ஜூடித்திடம் சொன்ன பதிலும் அப்படித்தான். ஜனவரியில் பக்கம் அனுப்பிய ஆளா இது?

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். கேட்காமல் இருந்தால் நான் சிநேகிதி இல்லை.

அந்த அம்மாள் நாத்தனார் என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். நீயே எழுதியிருக்கிறாய். இரண்டு முறையும் அவள் வாய் மூடுவதற்குள் நீ பேசியிருக்கிறாய். அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாயா?

தேள் கொட்டின மாதிரி இருக்கும் என்று தெரியும். எப்படியானாலும் பதில் வரட்டும். நானும் இந்த வாரம் ஒரு பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

ரொவீனா


ப்ரெஸ்டன்
ஏப்ரல் 11, வெள்ளி, மாலை 5.50
எண்ணிக்கை: பதினைந்து மறுப்பு.

ரொவீனா,

ஜூடித் ஹெஸ்லாப் நாலு மணிக்குத் தானே கூப்பிட்டார். உதவியாளரை விட்டுச் சொல்லவில்லை. கிழக்கே போகும் சாலையில் ஒரு மதகுக்கு அடியில், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு பேசினேன்.

"பயிற்சி இடம் உங்களுக்கு இல்ல, நேத்தன். காரணம் சொல்லட்டுமா?"

பதினைந்து நிறுவனத்தில் முதல் முறையாக ஒருவர் காரணம் சொல்கிறேன் என்கிறார்! "மிசஸ் கோல்ட்வெல்லா?" என்றேன்.

"உங்களுக்கே தெரியுமா?"

"அவங்க ரெண்டு தடவை நாத்தனார்னு சொன்னாங்க. நான் கேக்கல."

"எப்போ புரிஞ்சுது?"

"மூணாம் தேதி. ஒரு சிநேகிதி கடுதாசி போட்டா."

"ம். நாங்க அந்த அம்மா கையில கொடுத்த கதை என்ன தெரியுமா? வர்ற மாசம் நாத்தனார் பொண்ணுக்குக் கல்யாணம். சுவரும் விழக் கூடாது, உறவும் விழக் கூடாது. கோர்ட்டுங்கற வார்த்தையே அவங்களுக்கு வேண்டாம். நாத்தனார்கிட்ட முகம் கோணாம எப்படிச் சொல்றதுன்னு ஒரு வழி வேணும், அவ்வளவுதான். அன்னைக்கு வந்த எட்டுப் பேர்ல விரிசலைச் சரியாப் படிச்சது நீங்க ஒருத்தர்தான். அவங்களை எழுந்து போக வெச்சதும் நீங்க ஒருத்தர்தான்."

தண்ணீர் முழங்கால் பூட்ஸுக்குள் கசிந்துகொண்டிருந்தது. நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். நல்லவேளை, ஏனென்றால் அவர் முடிக்கவில்லை.

"வாயை மூட எங்கயோ கத்துக்கிட்டு வந்திருக்கீங்க. அது லேசுல வராது, எனக்குத் தெரியும். காதைத் திறக்கறது பாக்கி. என் பிரிவுல சட்ட உதவியாளர் வேலை ஒண்ணு காலி. ஜூன் ரெண்டாம் தேதி சேரணும், சம்பளம் கம்மி. பக்கத்துக்கு எண் போடணும், என்கூட சந்திப்புக்கு வந்து மூலையில உக்காந்து எழுதணும், பேசக் கூடாது. அந்த அனுபவம் உங்க தகுதிக் கணக்குல சேரும். அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பம் போடுங்க. கிடைக்கும்னு சொல்ல மாட்டேன்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததைக் கேட்டு எனக்கே ஆச்சரியம்.

மேலே ஏறி வந்தேன். வண்டியில் ஃபில் இருந்தார். சொன்னேன். "பெர்த்துல வெயிலாம் தம்பி" என்றார். பிறகு தன் காய்ந்த காலுறை ஜோடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "பக்கத்துக்கு எண் போடறது கேவலம் இல்ல. நான் நாலு வருஷம் ஆணிக்கு எண் போட்டேன். இன்னைக்கும் எந்த ஆணி எங்கன்னு கேளு, சொல்றேன்."

உன்னுடைய நாலு வருடத்தை நினைத்துக்கொண்டேன். நீ எண் போட்டுக்கொண்டிருந்தாய் என்று நினைத்திருந்தேன். அந்த ஒவ்வொரு பக்கத்தையும் நீ படித்துக்கொண்டிருந்திருக்கிறாய். இல்லையென்றால் ஒரு கையில் சாண்ட்விச்சோடு நாலு நிமிடத்தில் ஒரு பாலத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? என்னுடைய கடிதத்திலேயே நான் கேட்காத நாத்தனாரை நீ கேட்க முடியுமா?

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் எடுத்து, செம்மறியாட்டையும் சேர்த்து, முதலிலிருந்து படித்தேன். யோசனைக்காக இல்லை. நீ என்ன சொல்லியிருக்கிறாய் என்று பார்க்க.

'மூன்று பேர், இரண்டு பேரைத்தான்.' ஜனவரி. 'மூன்று பேர், இரண்டு நாற்காலி.' பிப்ரவரி. 'நானும் இந்த வாரம் ஒரு பதிலுக்குக் காத்திருக்கிறேன்.' பத்து நாள் முன்னால்.

நீயும் நாத்தனார் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். நான் விரிசலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

இனி செய்யப்போவது:

1. பெர்த்துக்கு இன்றிரவே எழுதுகிறேன். வரவில்லை. ஐந்து வரி. 'வருந்துகிறேன்' ஒரு தடவை.

2. திங்கள் காலை ஜூடித்தைக் கூப்பிட்டுச் சரி என்கிறேன். சம்பளத்தைப் பற்றிப் பேச மாட்டேன்.

3. ஃபில்லிடம் ராஜினாமா. காலுறையைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு.

4. ஜூன் 2 நியூகாசிலில் வேலையில் சேர்வேன். பக்கத்துக்கு எண் போடுவேன். எண் போடும் ஒவ்வொரு பக்கத்தையும் படிப்பேன்.

5. அடுத்த ஜனவரியில் மறுபடி விண்ணப்பம். அனுப்புவதற்கு முன் உனக்கு வரும், கையால்.

6. அடுத்த சனிக்கிழமை, 19ஆம் தேதி, லீட்ஸ் வருகிறேன். ஸ்டாட்டி ரொட்டி அங்கே கிடைக்காது என்பதால் என்ன கிடைக்கிறதோ அதை நான் வாங்கி வருவேன். கெட்டில் வைப்போம். அது கொதித்து அடங்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன்.

7. பிறகு ஒரே ஒரு கேள்வி: மூன்று பேர், இரண்டு நாற்காலி என்றாயே, உனக்கு என்ன ஆனது? நீ சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பேன்.

நேத்தன்